செவ்வாய்க்கிழமைக் கடற்பசுக்கள்

கடற்பசு செத்துக் கரையொதுங்குவதற்கும் கிழமைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது ஒரு கிணற்றடியில். வாளி வாளியாகத் தலையில் ஊற்றியும் என்னிலிருந்து மணம் போகாமல், சவர்க்காரத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். மன்னார்க் கரையூரான தாழ்வுபாட்டில் எனக்கு அறை தந்திருந்த ரீத்தா அக்கா, வெள்ளைச் சேலை உடுத்து, கையில் மெழுகுதிரியோடு அந்தோனியார் கோயில் நவநாள் செபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு எட்டத்தில் நின்றே கேட்டார்.

"எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை. செவ்வாய்க்குச் செவ்வாய் நான் அந்தோனியாரிட்டை வெளிக்கிடுற நேரம் பாத்து, நீ செத்த மாட்டின்ர மணத்தோட வந்து நிக்கிறாய். உன்ர கடற்பசுவுக்குக் கரைக்கு வாறதுக்கு வேற நாளே இல்லையோ?"

"அது மாடில்லை அக்கா."

"மணத்துக்கு அது தெரியுமே?"

நான் சிரித்தேன். அவர் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு யோசித்தேன். போன கிழமை ஆமை. அதற்கு முந்தி ஒரு ஓங்கில், டொல்பின். அதற்கும் முந்தி, மழைக்கு முன், ஒரு கடற்பசு. அந்த நாள்களிலும் அக்கா இதே மெழுகுதிரியோடு இதே படலையால்தான் போனார். ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். கடலில் சாகும் பிராணிக்கு நாட்காட்டி தெரியாது. அப்படியானால் அந்த நாட்காட்டி வேறு யாருடையது?

அது நடந்து பல வருடங்களுக்குப் பிறகு, சென்ற மாதம், கடல் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் ஊரான நானாட்டானுக்கு என்னைத் தேடி வந்தார்கள். பறக்கும் கமெரா ஒன்று வைத்திருந்தார்கள். அதை எங்கள் வயலுக்கு மேலே விட்டு, அப்பாவின் உழவு இயந்திரத்தை மேலிருந்து காட்டினார்கள். அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். போகும்போது ஒரு பிள்ளை, "மிஸ், நீங்கள் ஓய்வுபெற்றவர்தானே, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்றாள். ஓய்வுபெற்றவர். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் அவள் சொன்னது பிழையில்லை. கடலை விட்டு வந்து பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி எத்தனையோ காலமாகிறது. பிரிவுபசாரம் இல்லை, மாலை இல்லை. ஒரு திட்டம் முடிந்தது, நானும் முடிந்தேன்.

படித்த கதை சுருக்கம்தான். பிறந்தது நானாட்டானில். நான் நடக்கத் தொடங்குமுன் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போய்விட்டோம். கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். முகாமுக்குப் பக்கத்தில் கடல் இருந்தது, அந்தக் கடலுக்கு அங்கால் ஊர் இருந்தது. எனவே கடலைப் பற்றிப் படித்தால் பாதித் தூரம் வந்தமாதிரி என்று ஒரு கணக்கு. சண்டை முடிந்து சில வருடங்களில் குடும்பமாகத் திரும்பி வந்தோம். அப்பா காடு மூடிக் கிடந்த வயலுக்குள் இறங்கினார். நான் மன்னாரில் கள உதவியாளர் வேலை ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன். வேலை என்னவென்று போன பிறகுதான் கேட்டேன். மன்னார்க் கரையில் செத்து ஒதுங்கும் கடற் பிராணிகளை ஆராய்ந்து, ஏன் செத்தன என்று கண்டுபிடிப்பது.

தாழ்வுபாட்டில் நான் "இந்தியாக்காரி". கடைக்காரரிடம் "பால் மாவு வேணும்னு சொன்னாங்க" என்று நான் கேட்டால், கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முகாமில் இருந்த காலம் முழுக்க எங்களைச் "சிலோன்காரங்க" என்றார்கள். கரைக்குக் கரை பெயர் மட்டும் மாறியது.

சேர் என்றால் அந்த வேலையில் விமலசிறி சேர் ஒருவர்தான். மிருக வைத்தியர், தெற்கிலிருந்து வந்தவர். மன்னாருக்கு மாற்றலாகி வந்த பிறகு புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர். அதனால் அவருக்கு எல்லோரும் "நீங்கள்"தான். வெட்டிப் போட்ட குடலை முகர வந்த நாயைப் பார்த்து, "தயவுசெய்து நீங்கள் அந்தப் பக்கம் போங்கோ" என்றார். நாய் போகவில்லை. கூட்டத்தில் நின்ற ஒருவர், "சேர், அதுக்கு மரியாதை குடுத்துப் பழக்கமில்லை, அதுதான் விளங்கேல்லை" என்றார்.

கரையில் அவருடைய முறை ஒருபோதும் மாறியதில்லை. வாகனத்தால் இறங்கியதும் பிராணிக்குக் கிட்டப் போகமாட்டார். கூடி நிற்கிற சனத்திடம் முதலில் போவார். "இதை முதல் கண்டவர் யார்?" என்று கேட்பார். கண்டவருக்கு நன்றி சொல்லுவார். அதன் பிறகு கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு உடலை ஒருமுறை சுற்றி வருவார். அந்தச் சுற்று முடியும்வரை நான் அளவு நாடாவை விரிக்கக் கூடாது. யாரும் அதன்மேல் கால் வைத்துப் படம் எடுக்கக் கூடாது. பிறகு அளவு: மூக்கு நுனியிலிருந்து வால் பிளவுவரை, உடலின் வளைவோடு போகாமல் நேராக. முன் துடுப்புகளுக்குப் பின்னால் சுற்றளவு. அதற்குப் பிறகு தோல். தோலைத்தான் அவர் அதிக நேரம் பார்ப்பார். வலை நூல் இறுக்கிய இடத்தில் கடற்பசுவின் தோலில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் இருக்கும். துடுப்பின் மடிப்புக்குள், கழுத்தடியில், வால் தொடங்கும் இடத்தில் அவற்றை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வயிற்றைத் திறந்ததும் இரைப்பை. இரைப்பை நிறையக் கடற்புல் பச்சையாக இருந்தால், அது நோயில் சாகவில்லை. மேய்ந்துகொண்டிருந்தபோதே ஏதோ நடந்திருக்கிறது. மூச்சுக் குழாயில் நுரை இருந்தால், மேலே வந்து மூச்சு எடுக்க முடியாமல் போயிருக்கிறது. கடற்பசு மீனில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதற்குக் காற்று வேண்டும், நம்மைப்போல.

ஒவ்வொரு கட்டத்திலும் என்னிடம் ஒரே கேள்வி.

"மிஸ், நீங்கள் பார்த்தது என்ன? நினைத்தது பிறகு."

நான் பார்க்குமுன்பே நினைக்கிற ஆள். அந்தக் கேள்வியில்தான் இந்த வேலையைப் படித்தேன்.

எல்லாம் முடிந்து, அலை எட்டாத மேட்டில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்த பிறகு, சேர் மன்னாருக்குப் போய்விடுவார். நான் பஸ் ஏறுவேன். பஸ்ஸில் எவ்வளவு சனம் நின்றாலும் என் பக்கத்து ஆசனம் வெறுமையாகவே இருக்கும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, பார்க்காத மாதிரி நிற்பார்கள். எத்தனையோ கடற்பசுக்களின் இரைப்பைக்குள் கைவிட்டிருக்கிறேன். உயிரோடு ஒன்றையும் கண்டதில்லை. அதை யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அது இருக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

ஞாயிறுகள்தான் மோசம். ஊர் முழுக்கத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போய்விடும். கோயில் மணி அடிக்கும், பாட்டுக் கேட்கும், பிறகு வீடு வீடாகக் கறி வாசம். நான் சைவ சமயம், அந்த ஊரில் எனக்கு ஞாயிறு என்று ஒன்றில்லை. கரையில் போய் இருப்பேன். கிணற்றடியில் அந்த எண்ணம் வந்த அடுத்த ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன். வள்ளங்கள் எல்லாம் மூக்கை மணலில் வைத்தபடி வரிசையாகக் கிடந்தன. அன்றுதான் கவனித்தேன். வள்ளங்கள் இருந்தன, திருக்கை வலைகள் இல்லை. வலை வைக்கும் வாடிக் கொட்டிலிலும் இல்லை.

பூசை முடிந்து ரீத்தா அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணை சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து இழுத்த தலை.

"அண்ணை, வலையெல்லாம் எங்க?"

"வலை எங்க இருக்கும், கடலுக்கைதான்."

"இன்னைக்கு ஞாயிறுதானே?"

"ஞாயிறு எங்களுக்கு. வலை என்ன ஞானஸ்நானம் எடுத்ததே?"

சிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் விரல்விட்டு எண்ணினேன்: ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

மீதியைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முந்திய காலத்தில் பருத்தி நூல் வலை. சனிக்கிழமை இழுத்துக் கொண்டுவந்து கரையில் காயப்போடாவிட்டால் உக்கிவிடும். எனவே ஞாயிற்றுக்கிழமை மனிதரோடு வலையும் ஓய்ந்திருந்தது. மீள்குடியேறி வந்தவர்களுக்குக் கிடைத்தவை நைலோன் வலைகள். அவற்றைக் காயப்போடத் தேவையில்லை. திருக்கையும் அடியில் வலைக்குள் கிடந்தால் சட்டென்று கெடாது, கெட்டாலும் கருவாட்டுக்கு ஆகும். சனி பின்னேரம் வலையைக் கடற்புல் தரையில் விட்டுவிட்டு வந்தால், ஞாயிறு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை, திங்கள் விடியத்தான் போய் இழுப்பார்கள். கிழமையிலேயே நல்ல பாடு, நிறைய மீன், திங்களில்தான். ஊருக்குத் திரும்பி வந்து கூரை போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்தத் திங்களை நம்பித்தான் இருந்தன.

ஆனால் சனி பின்னேரம் தொடங்கித் திங்கள் விடியும்வரை, அந்த வலைகளைப் பார்க்கக் கடலில் ஒரு மனிதரும் இல்லை. மற்ற நாள்களில் ஒன்று மாட்டினால் உயிரோடு காணவாவது ஒரு வாய்ப்பு இருக்கும். ஞாயிறு மாட்டியது திங்களில் பிணம். பாதுகாக்கப்பட்ட பிராணி, வைத்திருந்தால் குற்றம். அவர்கள் பயத்தில் நூலை வெட்டிக் கடலில் விட்டுவிடுவார்கள். செவ்வாயில் அது கரைக்கு வரும். நான் குளிப்பேன். அக்கா அந்தோனியாரிடம் போவார்.

சேரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். வலைகளைச் சனிக்கிழமை கரைக்கு எடுத்தால் போதும் என்றேன். யாரும் ஞாயிறு வேலை செய்யத் தேவையில்லை, வலையும் சேர்ந்து ஓய்ந்தால் சரி. அடுத்த நாளே மீனவர் சங்கக் கூட்டத்தில் பேசலாம் என்றேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ், நீங்கள் சொல்வது சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் நான் சிங்களவன், நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். இரண்டு பேரும் போய் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பேசுவதா? அவர்களே பேச வேண்டும். பொறுங்கள்."

பொறுப்பது எனக்கு வராத பாடம். ஆனாலும் பொறுத்தேன்.

அதற்கிடையில் ரீத்தா அக்காவோடு இருந்து கிழிந்த வலை பொத்தப் பழகினேன். நான் கால் பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடிக்க, அக்கா வலை ஊசியை ஓட்டுவார். ஒருமுறை பச்சை நூல் முடிந்துபோய், கிழிசலின் மிச்சத்தை வெள்ளை நூலால் பொத்தினார். "உன்ர அண்ணை காண முந்தி மடிச்சு வைப்பம். கண்டால் வலைக்கு நரை விழுந்திட்டுதெண்டு சொல்லுவார்" என்றார். அன்று பின்னேரம் முழுக்க, எனக்கும் ஊர் என்று ஒன்று இருக்கிறதாக நினைத்தேன்.

அதற்கடுத்த செவ்வாய் அழைப்பு பக்கத்துக் கரையூரான கீரியிலிருந்து வந்தது. பெரிய கடற்பசு. நாங்கள் போகும்போது சனம் கூடியிருந்தது. சட்டப்படி வரவேண்டிய வனவிலங்கு அதிகாரி ஒருவரும் வந்து மர நிழலில் நின்றார். தாழ்வுபாட்டிலிருந்தும் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். அவர்களுக்குள் மரியதாஸ் அண்ணையைக் கண்டேன். நான் தலையசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இதை முதல் கண்டவர் யார்?" என்று சேர் வழமைபோலக் கேட்டார்.

"நாய்தான் சேர்" என்றது ஒரு குரல். சனம் சிரித்தது. சேரும் சிரித்தார்.

சுற்றி வந்தார். அளந்தோம். பெண். இடப்பக்கத் துடுப்பைத் தூக்கி, அடியில் கடற்பசுவுக்கு முலை இருக்கும் இடத்தைச் சேர் மெதுவாக அமுக்கினார். கையுறையின் மேல் வெள்ளையாக ஒழுகியது. பால். சேர் துடுப்பைக் கீழே விட்டார். நிமிர்ந்து கடலைப் பார்த்தார். அவர் ஏன் பார்க்கிறார் என்று விளங்கி நானும் பார்த்தேன். சனமும் திரும்பிப் பார்த்தது. கடல் வெறுமையாக, தகடுபோலக் கிடந்தது.

"குட்டி ஒண்டு நிக்கும் போல" என்று பின்னால் ஒரு பெண் சொன்னார். யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நான் துடுப்பின் மடிப்புக்குள் விரலை விட்டேன். நூல் அகப்பட்டது. இழுத்தேன். கை அகலத்தில் ஒரு வலைத் துண்டு, மடிப்புக்குள் இறுகிக் கிடந்து, வெட்டியவர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. பச்சை நூல். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளை நூல். அந்த முடிச்சை அக்கா போட்டபோது வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என் கால்விரல்.

"மிஸ், நீங்கள் பார்த்தது என்ன?"

"வலைத் துண்டு சேர். பச்சை நூல்."

"வேறு?"

"வெள்ளை நூலால பொத்தியிருக்கு."

"வேறு?"

நான் வாயைத் திறக்குமுன் சனத்துக்குள்ளிருந்து மரியதாஸ் அண்ணை வெளியே வந்தார். செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு வந்தார், கோயிலுக்குள் வருவதுபோல.

"சேர், நீங்கள் முதல் ஒரு கேள்வி கேட்டனீங்கள். நான் வாய் திறக்கேல்லை." கடற்பசுவைக் கையால் காட்டினார். "முதல் கண்டது நான்தான். நேற்று விடிய, என்ர வலையில. நான்தான் வெட்டி விட்டனான். பால் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியாது."

 சேர் கையுறையைக் கழற்றினார். அவருக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொன்னார்.

"சொன்னதற்கு நன்றி."

மர நிழலில் நின்றவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சேர் அவரோடு நீண்ட நேரம் சிங்களத்தில் கதைத்தார். கை கூப்பாத குறை. ஆனால் சட்டம் அவரிடம் இருந்தது, அவர் பிழையாக எதுவும் செய்யவில்லை. அன்று பின்னேரமே வலை சான்றுப் பொருளாகப் போனது. மரியதாஸ் அண்ணை தானே அதை நாலாக மடித்து வாகனத்தில் ஏற்றிவிட்டார். நீதிமன்றம் அவரை எச்சரித்து விட்டது, வலையையும் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் திருக்கைப் பருவம் போய்விட்டது.

அந்த வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. ரீத்தா அக்கா சாப்பாட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சில கிழமைகளின் பின் சொன்னார்: "தங்கச்சி குடும்பம் முகாமிலயிருந்து வருகுது பிள்ளை. அறை வேணும்." அது உண்மைதான், அவர்கள் வந்தார்கள். நான் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தேன். கதிரை ஒன்று, அலுமாரி ஒன்று, கீழே நாள் முழுக்கத் தையல் மெசின் சத்தம்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை.

முதலில் சந்தோசப்பட்டேன். பிறகு விளங்கியது. உண்மை சொன்னவருக்கு வலை போனதைக் கரையிலுள்ள எல்லா ஊரும் கண்டது. இனி ஒன்று மாட்டினால் கல்லைக் கட்டி இறக்குவார்கள், இல்லாவிட்டால் வந்த இடத்திலேயே புதைப்பார்கள். ஒருவேளை எதுவுமே மாட்டாமலும் இருக்கலாம். எது உண்மையென்று அறிய எனக்கு வழியில்லை. செவ்வாய்தோறும் கீரியிலிருந்து தாழ்வுபாடுவரை கரையால் நடந்தேன். சுத்தமான மணல். நாய்கள்கூட எழும்பிப் பார்ப்பதில்லை. செத்த பிராணிகள்தான் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவை என்பது அவை வராமல் விட்டபோதுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் பஸ்ஸில் என் பக்கத்து ஆசனத்தில் ஆள்கள் இருக்கத் தொடங்கினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சேருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் வேலை செய்த கந்தோர் வாசலில் நின்று, "மிஸ், நான் உங்களைப் பொறுக்கச் சொன்னேன். அது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியாது" என்றார். வாகனம் போனது. கொஞ்ச நாளில் திட்டமும் முடிந்தது. நான் நானாட்டானுக்குப் போய்ப் பாடசாலையில் சேர்ந்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இதைப் பிள்ளைகளுக்கு அனுப்புமுன் ரீத்தா அக்காவிடம் கேட்க வேண்டும் என்று பட்டது. அவருடைய வீட்டுக் கதையல்லவா. நேற்றுத்தான் தொலைபேசி எடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

"ஆர், இந்தியாக்காரியே? மணம் போயிட்டுதோ?"

"போயிட்டுது அக்கா." எழுதுவதைச் சொல்லிச் சம்மதம் கேட்டேன்.

"எழுது, எழுது. என்ர பேரை வடிவாப் போடு." பிறகு நான் கேட்காமலே சொன்னார். "உன்ர அண்ணை இப்ப சனிக்கிழமையில வலையை இழுத்துக்கொண்டு வந்திடுறார். வலை திரும்பி வந்த நாளிலயிருந்து அப்படித்தான். அந்தப் பால் ஒழுகினதைச் சொல்லிச் சொல்லியே இழுப்பார். வலைக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டாரெண்டு ஊர் முழுக்கப் பகிடி."

 சேரைத் தவிர நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த யோசனையை, ஒருவரும் சொல்லாமலே ஒரு மனிதர் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார். நானாட்டானில் நான் ஓய்வில் இருந்தேன்.

"மற்ற ஆக்கள், அக்கா?"

"மற்ற ஆக்களுக்குத் திங்கள் பாடு வேணும். எங்களுக்குத் திங்கள் பாடு குறைவுதான், என்ன செய்யிறது. இப்ப வள்ளத்தில வேலைக்கு நிண்ட பெடியனும் விட்டிட்டுப் போயிட்டான், சனி பின்னேரம் பந்தடிக்கப் போகவேணுமாம். இவருக்கு நாரிப் பிடிப்பு, குனிஞ்சு நிமிர ஏலாது. தனிய இழுக்கிறார். இந்தக் கிழமையோட சனிக்கிழமை இழுக்கிறதை விடப்போறன் எண்டு சொல்லுறார்."

"நான் வந்து இழுக்கட்டே?"

"நீயோ?"

"வலை பிடிக்கப் பழக்கினது நீங்கள்தானே."

அவர் சிரிப்பது கேட்டது. பிறகு யாரிடமோ எதையோ கேட்டார். தூரத்தில் மரியதாஸ் அண்ணையின் குரல் ஏதோ சொன்னது.

பறக்கும் கமெராப் பிள்ளைகளுக்கும் அழைப்பு எடுத்துவிட்டேன். வரட்டும், மேலிருந்து பார்க்கட்டும். குட்டியோடு ஒன்று மேய்வதை அவர்களாவது உயிரோடு காணட்டும். ஆனால் சங்கக் கூட்டத்தில் நான் பேசப்போவதில்லை. அதை மரியதாஸ் அண்ணை ஒருநாள் பேசுவார், பேசாமலும் விடுவார். அந்த வள்ளத்தில் இரண்டு கைகள் குறைகின்றன. முதலில் அதைப் பார்ப்போம். அப்பாவிடம் சொன்னேன். "நீந்தத் தெரியுமே?" என்று மட்டும் கேட்டார். தெரியும்.

அக்கா மறுபடி தொலைபேசிக்கு வந்து சொன்னது இதுதான்:

"வா எண்டுறார். ஆனால் வாறதெண்டால் சனிக்கிழமை வா பிள்ளை. செவ்வாய்க்கிழமை வராதை."